பசராவில் இறந்த ஆயாவின் அண்ணன்: பெயர் தேய்ந்த ஒரு தட்டை வைத்து அவர் இறந்த நாளைக் கண்டுபிடிக்க முடியுமா?

குடியாத்தம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியை, வயது 68. இப்போது காட்பாடியில் மகனோடு இருக்கிறேன். ஒருவர் இறந்த நாளைத் தேடுகிறேன். அவர் என் ஆயாவுக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, கூடப்பிறந்த அண்ணன். முதல் உலகப்போர் சமயத்தில் சாப்பர் மைனர் பட்டாளத்தில் (ரோடு, பாலம் போடுகிற படை) சேர்ந்து பசராவுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. ஈராக்கில் இருக்கிற பஸ்ராவை ஆயா பசரா என்றுதான் சொல்லும். எனக்கும் அப்படியே வருகிறது. போகும்போது அவருக்குப் பதினெட்டு வயது இருக்கலாம்.

கையில் இருப்பது ஒரே ஒரு பொருள், ஒரு வெண்கலத் தட்டு. அளந்து பார்த்தேன், குறுக்கே 12 சென்டிமீட்டர், நல்ல கனம். அதில் ஒரு பெண் நிற்கிறாள். ஒரு கையில் சூலம், இன்னொரு கையில் வளையம் போல ஏதோ நீட்டுகிறாள். அவளுக்கு முன்னால் ஒரு சிங்கம். சுற்றிலும் ஆங்கில எழுத்து.

தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது ஆயாவுக்குப் பதின்மூன்று வயது. 1920 அல்லது 21ஆக இருக்க வேண்டும். வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் தெரியாது. கிராம முன்சீப் வாங்கிப் பார்த்து, "இது உங்க பையன் பேர்தான்" என்று மட்டும் சொன்னாராம். ஆயாவின் அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "நெட்டையாப் போன புள்ள வட்டமா வந்துட்டான்" என்று சொல்லி அழுததாக ஆயா எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள், ஒன்றுகூட மாறாது.

சூலமும் சிங்கமும் இருந்ததால் தட்டில் இருப்பவள் அம்மன் என்று எடுத்துக்கொண்டார்கள். சாமி மூலையில் வைத்து மஞ்சள் குங்குமம் இட்டார்கள். ஆயாவுக்குக் கல்யாணம் ஆனபோது, அவர் அம்மா அதைச் சீர்வரிசைப் பாத்திரங்களோடு வைத்துக் கொடுத்துவிட்டார். வேறு ஆண்பிள்ளை இல்லை, ஆகவே அண்ணன் தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அதிலிருந்து 1991இல் ஆயா சாகும்வரை, வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தத் தட்டைப் புளியும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்துப் பொன் மாதிரி வைத்திருந்தது. என் கஷ்டமே அதில்தான் இருக்கிறது. எழுபது வருஷம் தேய்த்ததில் பெயர் எழுத்துகள் மழுங்கிவிட்டன. முதல் நாலு எழுத்து தெரிகிறது. அதற்கப்புறம் மேடு மேடாக ஏதோ இருக்கிறது, சாமி என்று முடிகிறதா, அப்பன் என்று முடிகிறதா, ரத்தினமா, படிக்க முடியவில்லை. ஆயா அவரைப் பெயர் சொன்னதே கிடையாது, அண்ணன் என்றுதான் சொல்லும். அவர் அம்மா அப்பா கூப்பிட்டது "பெரியவன்". (தெரிந்த எழுத்துகளை இங்கே போடவில்லை. வீட்டுப் பெரியவர் பெயரைப் பொதுவில் எழுத மனசு வரவில்லை. எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் குலசாமிப் பெயர்தான்.)

தட்டோடு ஒரு வெள்ளிப் பதக்கமும் வந்ததாம். 1930இல் என் அப்பா பிறந்தபோது ஆயா அதை ஆசாரியிடம் கொடுத்து உருக்கி, அரைஞாண் கொடி செய்து போட்டுவிட்டது. "தாய்மாமன் சீர் வேற எப்படி வரும்?" என்று கேட்கும். அந்தக் கொடி அப்பாவுக்கு அப்புறம் என் தம்பிக்குப் போட்டது, பிறகு பஞ்ச காலத்தில் அடகுக்குப் போய் மூழ்கிவிட்டது.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அப்பாவோடு கிணறு வெட்டும் வேலை செய்துகொண்டிருந்தார். கல் உடைப்பதில் கெட்டிக்காரர். கூலி ஒழுங்காகக் கிடைக்காத வருஷத்தில், பட்டாளத்தில் மாதம் 11 ரூபாய் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் சொல்லாமல் பெங்களூருக்கு ரயில் ஏறினார். நாலைந்து மணியார்டர் வந்தது. ஒரு கடிதம் வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. அதில், இங்கே ஆத்தோரம் பூரா நம்ம ஏரிக்கரை ஈச்சமரம் மாதிரியே இருக்கு, பழம் மட்டும் கட்டைவிரல் தண்டி இருக்கு, வரும்போது கொண்டாரேன் என்று இருந்ததாம். அந்த ஈச்சம்பழத்துக்காக ரொம்ப நாள் காத்திருந்ததாக ஆயா சொல்லும்.

அவர் எந்த நாளில் இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. திதி தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசை என்று, ஆடி அமாவாசையில் எங்கள் வீட்டில் அவருக்கும் ஒரு இலை போடுவோம். இன்றும் நான் போடுகிறேன். எனக்குப் பிறகு யார் போடுவார்கள் என்று தெரியவில்லை. அதற்குள் அவருக்கு உரிய நாளைத் தெரிந்துகொண்டு ஒரு தடவையாவது அந்த நாளில் செய்துவிட வேண்டும்.

கேட்க வேண்டியவை: இந்தத் தட்டு என்ன? சிங்கத்தின் பின்னங்கால் பக்கத்தில் பொடியாக 4 என்று ஓர் எண் இருக்கிறது, அது அவருடைய பட்டாள எண்ணா? அவரை எங்கே புதைத்தார்கள் என்று பார்க்க ஏதாவது பதிவு இருக்கிறதா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பழைய சாப்பர்:

டீச்சரம்மா, வணக்கம். நான் எம்.இ.ஜி.யில், அதாவது மதராஸ் சாப்பர் படையில், 24 வருஷம் இருந்து ஹவில்தாராக வந்தவன். உங்கள் ஆயாவின் அண்ணன் எங்கள் படைக்காரர். எங்களை ராணுவத்தில் எல்லோரும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள், மதராஸ் சாப்பர் என்றால் தம்பி. அவரையும் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

அந்தத் தட்டு, போரில் இறந்த ஒவ்வொருவரின் வீட்டுக்கும் பிரிட்டிஷ் அரசு அனுப்பியது. பதின்மூன்று லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். நிற்கிற பெண் பிரிட்டானியா, அவர்கள் நாட்டின் உருவம். கையில் இருப்பது கடல் ஆட்சிக்கு அடையாளமான முச்சூலம், நீட்டுவது வெற்றி மாலை. சுற்றி இருக்கும் வரிக்கு, விடுதலைக்காகவும் மானத்துக்காகவும் இவர் உயிர் விட்டார் என்று பொருள். அம்மன் என்று நினைத்துக் கும்பிட்டதில் தப்பே இல்லை அம்மா. அவர் பெயரைத்தானே கும்பிட்டீர்கள்.

அந்த 4 அவருடைய எண் இல்லை. தொழிற்சாலையில் வார்த்தவர்கள் போட்ட குறி அது. தட்டில் வேண்டுமென்றேதான் பதவியும் எண்ணும் போடவில்லை. ஜெனரலாக இருந்தாலும் சிப்பாயாக இருந்தாலும் பெயர் மட்டும்தான். பட்டாள எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருந்தது அந்த வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பில். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் தாய்மாமன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் வெள்ளியே இடுப்பில் கிடந்தது, அதை விடப் பெரிய மரியாதை அந்தப் பதக்கத்துக்கு எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் கிடைத்திருக்காது.

தட்டை இனிமேல் தேய்க்க வேண்டாம். மெல்லிய வெள்ளைத் தாளைப் பெயர் இருக்கிற இடத்தின்மேல் வைத்து, அசையாமல் பிடித்துக்கொண்டு, பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தடவுங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு தாளில் தெரியும். இன்னொரு வழி, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தட்டின் ஓரமாகத் தரையோடு தரையாகப் பிடித்துப் படம் எடுப்பது. நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

அப்புறம் ஒன்று. அவர் என்ன வேலை செய்திருப்பார் என்று உங்களுக்குத் தோன்றும். கிணறு வெட்டியவர், கல் உடைத்தவர், இரண்டும் சாப்பருக்கு வேண்டியவை. ரோடு, பள்ளம், பாலம், குடிதண்ணீர் எல்லாம் எங்கள் பொறுப்பு. 1917 பிப்ரவரி 23ஆம் தேதி, ஷும்ரான் வளைவில் எதிர்க்கரையிலிருந்து குண்டு பொழிந்துகொண்டிருந்தபோது டைகிரிஸ் ஆற்றைப் படகில் கடந்தார்கள். அன்றைக்குத் துடுப்பு போட்டவர்களில் மதராஸ் சாப்பர்களும் உண்டு. அடுத்த மாதம் 11ஆம் தேதி பாக்தாத் விழுந்தது. உங்கள் பெரியவர் அந்த நாளில் உயிரோடு அங்கே இருந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அவர் கூட வேலை செய்தவர்கள் இருந்தார்கள்.

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் எங்கள் மையத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. போய்ப் பாருங்கள் அம்மா, வீட்டு மனுஷரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஏடு புரட்டி:

அம்மா, நான் நூலகத்தில் வேலை பார்த்தவன். கல்லறை, பதிவு பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் கசப்பாக இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போரில் இறந்தவர்களுக்குக் கல்லறை அமைக்கிற ஆணையம் 1917இல் ஏற்பட்டது. இப்போது அதன் பெயர் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம். அவர்கள் வகுத்துக்கொண்ட விதி நல்ல விதி: இறந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பெயர் இருக்க வேண்டும், பதவி, இனம், மதம் எதிலும் வித்தியாசம் பார்க்கக் கூடாது. ஐரோப்பாவில் ஓரளவு அப்படியே நடந்தது. பிரான்ஸில் நியூவ் ஷாப்பேல் என்ற இடத்தில் 4,700க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், அப்படி நடக்கவில்லை. இந்தியாவிலிருந்து அந்தப் போர்முனைக்குப் போனவர்கள் ஐந்தரை லட்சத்துக்கு மேல், வேறு எந்த முனைக்கும் இவ்வளவு பேர் போகவில்லை. கல்லறை தெரியாமல் இறந்தவர்களுக்காக பஸ்ராவில் 1929இல் ஒரு நினைவுச்சின்னம் திறந்தார்கள். நாற்பதாயிரம் பேருக்கு மேல் அதில் நினைவுகூரப்படுகிறார்கள். பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொருவருக்கும் அதில் பெயர் இருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும் பெயர். அதன் கீழே, மற்றும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று எண்ணிக்கை போட்டு முடித்துவிட்டார்கள். உங்கள் ஆயாவின் அண்ணன் அந்த எண்ணிக்கையில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அமாரா என்று ஓர் ஊர், டைகிரிஸ் கரையில். 1915 ஜூனில் பிடித்தார்கள், உடனே அதை ஆஸ்பத்திரி ஊராக ஆக்கினார்கள். 1917 ஏப்ரலில் அங்கே ஏழு பெரிய ராணுவ ஆஸ்பத்திரிகள் இருந்தன. காயத்தைவிட காலராவும் சீதபேதியும் வெயிலும் கொன்றவர்கள் அங்கே நிறைய. ஆற்றின் இடது கரையில் இந்தியர்களுக்கென்று ஒரு கல்லறைத்தோட்டம். ஏறக்குறைய 5,000 பேர் அதில் இருக்கிறார்கள். பெயர் தெரிந்தவர்கள் ஒன்பது பேர். ஐயாயிரத்தில் ஒன்பது. யாரை எங்கே புதைத்தோம் என்று ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. இதை முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எண்ணிக்கையாகப் போட்டார்களே தவிர, பெயர்கள் ஒரேயடியாகத் தொலைந்துபோகவில்லை. அச்சிட்ட ஏட்டில் எழுதி வைத்தார்கள். அது இப்போது ஆணையத்தின் இணையதளத்தில் தேடக் கிடைக்கிறது. 2021 ஏப்ரலில் ஆணையமே ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமாக 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை, குறைந்தது 1,16,000 பேருக்கு, ஒருவேளை மூன்றரை லட்சம் பேர் வரைக்கும், பெயரே பொறிக்கப்படவில்லை அல்லது நினைவுச்சின்னமே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் மன்னிப்புக் கேட்டார்கள். தாமதம்தான். ஆனாலும் கேட்டார்கள் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

தேடும் வழி: தளத்தில் முதல் உலகப்போர், இந்தியப் படை, ஈராக் என்று மூன்றையும் தேர்ந்தெடுங்கள். படைப்பிரிவுக்கு "இரண்டாவது விக்டோரியா மகாராணியின் சொந்த சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்" என்பதன் ஆங்கில வடிவம். மதராஸ் சாப்பர்களுக்கு அப்போது அதுதான் பெயர். பெயரின் முதல் நாலு எழுத்தை மட்டும் கொடுங்கள். பதிவு கிடைத்தால் இறந்த தேதி இருக்கும். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் தாலுகாவும் ஜில்லாவும் இருக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: தமிழ் தெரியாத குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியது அது. ஊர்ப்பெயரை எழுத்தாகப் பார்த்தால் புரியாது, வாய்விட்டுப் படியுங்கள்.

லாங் பஜார்:

டீச்சர், நீங்கள் காட்பாடியில் இருந்தால் ஒரு நடை வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக்கு வாருங்கள். அதில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்று எழுதியிருக்கும். பெயர் இல்லை. அந்தக் கூண்டுக்கு அடியில் பத்து வருஷமாகக் கடை போட்டிருக்கிறேன், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எழுந்து போய் அதை முழுசாகப் படித்தேன்.

ரிக்கில் இருந்தவன்:

அம்மா, நான் பஸ்ராவுக்கு மேற்கே எண்ணெய் வயலில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். அந்த நினைவுச்சின்னத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

அது முதலில் ஆற்றோரம் மகில் என்ற துறைமுகத்தில் இருந்ததாம். 1997இல் சதாம் உசேன் உத்தரவில் கல் கல்லாகப் பிரித்து, நாசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி, பாலைவனத்தில் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். சாலையிலிருந்தே தெரியும். நீளமான தூண் வரிசை, சுற்றிலும் மணல்தான். குவைத் போர் நடந்த பகுதி, அதனால் பாதையை விட்டுக் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் டிரைவர் உள்ளூர்க்காரர், வயசானவர். ஒரு வெள்ளிக்கிழமை அவரிடம் கேட்டுக்கொண்டு இறங்கினேன். அரை மணி நேரம்தான் கொடுத்தார்.

கல்லில் படைப்பிரிவு படைப்பிரிவாக ஆங்கிலப் பெயர்கள். சில பலகைகள் சேதமாகிக் கிடந்தன. நம் ஆட்கள் பெயர் ஏதாவது இருக்குமா என்று தேடிக்கொண்டே போனேன். சுபேதார், ஜமேதார் என்று சில பெயர்கள் வந்தன, அப்புறம் அந்த எண்ணிக்கை வரி. நமக்கு இவ்வளவுதானா என்று நினைத்தேன். அதற்குமேல் என்ன நினைப்பது என்று தெரியவில்லை. டிரைவர் பக்கத்தில் வந்து, உன் சொந்தக்காரர் யாராவது இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். இப்போது நீங்கள் எழுதியதைப் படித்ததும், இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் நிழலிலேயே 50 டிகிரி வரும். கையுறை இல்லாமல் ஸ்பேனரைத் தொட முடியாது. எங்களுக்கு ஏசி அறை, ஐஸ் தண்ணீர் எல்லாம் இருந்தும் பையன்கள் மயங்கி விழுவார்கள். நூறு வருஷம் முன்னால் ஒரு கூடாரத்தில், அந்த ஊர் வெயிலில் எப்படி இருந்திருப்பார்கள் என்று அங்கே பல நாள் யோசித்திருக்கிறேன். பஸ்ராவில் இருக்கும் போர்க்கல்லறையில் நடுகற்களே இல்லை. மண்ணில் உப்பு அவ்வளவு, கல்லின் முகத்தை அரித்துவிட்டது என்று 1935இல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அமாராவிலும் அதே கதைதான்.

அந்த ஈச்சமரம் உண்மை அம்மா. ஷத் அல் அராப் ஆற்றின் இரண்டு கரையிலும் அந்தக் காலத்தில் பேரீச்சைத் தோப்புதான், இப்போது நிறைய அழிந்துவிட்டது. பழம் கட்டைவிரல் தண்டிதான் இருக்கும்.

குடியாத்தம் டீச்சர்:

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது.

பென்சில் வழி பலித்தது. பேரன் தாளை அசையாமல் பிடித்துக்கொண்டான், நான் தடவினேன். நாலாவது எழுத்துக்கு அப்புறம் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இரண்டு வளைவு வந்தது. ஆங்கிலத்தில் அடுத்தடுத்து இரண்டு "பி". ஆகவே சாமி இல்லை, அப்பன். இத்தனை வருஷம் இலை போட்டவருக்கு முழுப்பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது. பேரன் உடனே தட்டச்சு செய்யப் போனான். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, சாமி மூலையில் போய் அந்தப் பெயரை ஒரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

பிறகு தேடினோம். அந்த எழுத்தில் தொடங்கி அப்பன் என்று முடிகிற சாப்பர்கள் சிலர் வந்தார்கள். ஒவ்வொருவரையும் திறந்து பார்த்தோம். வட ஆற்காடு ஜில்லா என்று இரண்டு பேருக்கு இருந்தது. முதலாமவருக்கு குடியாத்தம் தாலுகா. அப்பா பெயர் ஆயாவின் அப்பா பெயரேதான், ஓர் எழுத்து கூட மாறவில்லை. ஊர்ப்பெயர் மட்டும் எங்கும் கேள்விப்படாத ஏதோ ஒன்று. பேரன் வரைபடத்தில் தேடினான், அப்படி ஓர் ஊரே கிடையாது. ஏடு புரட்டி ஐயா சொன்னது நினைவு வந்து வாய்விட்டுப் படித்தேன். முதல் தடவை வரவில்லை. ஆயா பேசுகிற மாதிரி, கடைசி எழுத்தை விழுங்கி, வேகமாகச் சொன்னேன். ஆயாவின் பிறந்த ஊர் வந்துவிட்டது. அவரேதான் தன் வாயால் பெங்களூரில் யாரோ ஒரு குமாஸ்தாவிடம் சொல்லியிருப்பார், கேட்டவர் கேட்டபடி எழுதியிருக்கிறார். நூறு வருஷத்துக்கு மேல் அந்த ஏட்டில் அவர் குரல் கிடந்திருக்கிறது.

இறந்த தேதி 1917 ஜூலை 24. நினைவிடம் பஸ்ரா நினைவுச்சின்னம் என்று இருக்கிறது, அப்படியென்றால் கல்லறை தெரியாது. எப்படி இறந்தார் என்று பதிவில் இல்லை. ஜூலை என்று பார்த்ததும் அந்த எண்ணெய் வயல் தம்பி எழுதிய வெயில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சாப்பர் ஐயா சொன்ன பிப்ரவரி 23 அவர் உயிரோடு இருந்த நாள் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பேரன் அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறான்.

பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் தேதியைக் கொண்டுபோனேன். பிங்கள வருஷம், ஆடி மாதம், வளர்பிறை என்றார். அந்த வருஷம் ஆடி அமாவாசை ஜூலை 19. அது கழிந்த ஐந்தாம் நாள் இறந்திருக்கிறார். ஆயாவும் அப்புறம் நானும் அமாவாசைக்கு இலை போட்டுக்கொண்டிருந்தோம், நாள் அதற்கு இவ்வளவு பக்கத்தில் இருந்திருக்கிறது. திதியைக் குறித்துக் கொடுத்துவிட்டார். வருகிற ஆடியில் செய்யப்போகிறேன். இலையில் கொஞ்சம் பேரீச்சம்பழமும் வைப்பேன். கொண்டாரேன் என்று சொன்னவர் அவர், காத்திருந்தது ஆயா, இரண்டு பேருக்குமாக.

சுற்றி எழுதியிருக்கும் வரியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். விடுதலைக்காக என்று சாப்பர் ஐயா பொருள் சொன்னதைப் படித்ததும் கோபம் வந்தது. இந்த நாட்டுக்கே அப்போது விடுதலை கிடையாதே, கூலி இல்லாமல் போன பிள்ளைதானே அவர் என்று. அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. ஆனாலும் அந்தத் தட்டை விட்டால் அவர் பெயர் எங்கள் வீட்டில் எங்கேயும் இல்லை. பஸ்ராவில் கல்லில் போடாத பெயரைத் தட்டிலாவது போட்டு அனுப்பினார்களே என்றும் நினைக்கிறேன். இரண்டும் என் மனசில் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

இப்போது ஓர் உதவி. வட ஆற்காடு என்று இரண்டு பேர் வந்ததாகச் சொன்னேனே, அந்த இரண்டாவது பையனை என்னால் விட முடியவில்லை. அதே பெயர், அதே படை. போளூர் தாலுகா. எங்களவர் இறந்து இரண்டு மாதம் கழித்து, 1917 செப்டம்பரில் இறந்திருக்கிறார். அவருக்கும் கல்லறை இல்லை. அவர் ஊர்ப்பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிந்தவர்கள் சொன்னால்தான் தெரியும். போளூர், சேத்துப்பட்டு, கலசபாக்கம் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், பதிவை அப்படியே தனிச்செய்தியில் அனுப்புகிறேன். வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். பசராவுக்குப் போய் வராத ஒரு பிள்ளை உண்டா, சூலம் பிடித்த பெண்ணும் சிங்கமும் உள்ள கனமான வட்டத் தட்டு எந்த வீட்டிலாவது இருக்கிறதா என்று. சாமி மூலையில் இருக்கலாம், பரண்மேல் இருக்கலாம், மோர்ப்பானையை மூடக்கூட வைத்திருக்கலாம். கிடைத்தால் தேய்க்க வேண்டாம், முதலில் தாளும் பென்சிலும் எடுங்கள்.